கிரைண்டர்க்காரர் வீட்டு பிரவுனி

ஆவாரம்பாளையத்தில் ராமாமணியின் வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். அவள் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "கிரைண்டர்க்காரர் ஊடுங்களா? அதோ, அந்த நீலக் கேட்டுங்க" என்றுதான் கை காட்டுவார்கள். அந்தக் கேட்டில் மாமியார் பெயர் இருக்கிறது, ரங்கநாயகி இல்லம் என்று. வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டுக் கணவர் அரங்கசாமி செய்து விற்கிற கிரைண்டருக்கு மகன் பெயர், நவநீத். காரின் பின் கண்ணாடியில் மகள் அக்ஷிதா. கல்யாணச் சீராக வந்த அண்டா குண்டாவிலாவது இவள் பெயர் இருக்கும் என்று தேடினால், அதிலும் வெட்டியிருப்பது அவள் அப்பாவின் பெயர்.

இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இல்லை ராமாமணி. ஐம்பதைத் தாண்டியவளுக்கு வீட்டு வேலையும் பட்டறைக்காரர்களுக்கு டீ போடுவதுமே சரியாக இருந்தது. ரைஹான் என்கிற அந்தப் பையன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை, தனக்குள் அப்படியொரு ஆசை உட்கார்ந்திருப்பதே அவளுக்குத் தெரியாது.

ரைஹான் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சந்தில் காபிக் கடை வைத்திருக்கிறான். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்ஷிதா போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவை அங்கே கூட்டிப்போனாள். சின்னக் கடைதான். ஆனால் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்னால் அதைச் செய்தவர் பெயரை எழுதி நிறுத்தியிருந்தான். மேக்னாவின் சீஸ் கேக், அவர் குக்கீஸ், இவர் பிஸ்கட் என்று. அக்ஷிதா ஆளுக்கொரு சாக்லேட் பிரவுனி சொன்னாள். வந்ததும் ராமாமணி ஸ்பூனால் ஒரு குத்துக் குத்தினாள். ஸ்பூனில் கறுப்பாக, ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரைண்டர்க்காரர் வீட்டில் இட்லி என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. கிரைண்டர் வாங்க வருகிறவர்களை முதலில் உட்கார வைத்து ஒரு தட்டு இட்லி கொடுத்துவிட்டுத்தான் அரங்கசாமி பேச்சையே ஆரம்பிப்பார். பாதிப் பேர் இட்லியைத் தின்றுவிட்டுக் கிரைண்டர் வாங்கியவர்கள். அந்த இட்லி ராமாமணியுடையது. ஸ்பூன் காம்பை நடுவில் குத்தி எடுத்தால் துடைத்துவிட்டது போல வர வேண்டும். துளி ஒட்டினாலும் மூடியைப் போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றிவிடுவாள். அப்படிப்பட்டவள் முன்னால் ஸ்பூனில் ஒட்டுகிற பண்டத்தை வைத்தால் சும்மா இருப்பாளா?

"ஏனுங்க தம்பி, இது வேகவே இல்லீங்க. கொஞ்சம் உள்ள கொண்டுபோயி வேக வெச்சுக் கொண்டாங்க" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

அக்ஷிதா மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். ரைஹான் சிரிக்கவில்லை. அதுவே அவன் செய்த பெரிய காரியம்.

"வெந்துருச்சுங்க ஆன்ட்டி. இது இப்படித்தானுங்க இருக்கும். ஒரே ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க. புடிக்கலீன்னா எடுத்துட்டுப் போயர்றேன்."

ராமாமணி ஒரு வாய் சாப்பிட்டாள். மேலே அப்பளம் போல மெல்லிசாக ஒரு ஓடு நொறுங்கியது. அதற்குக் கீழே பல்லுக்கு வேலையே இல்லை. தொண்டைக்குள் இறங்கிய பிறகும் நாக்கு அதை விடவில்லை. அடப் பாவமே, இத்தனை வருசமாக இது எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. தன்னுடையதை முடித்துவிட்டு மகளுடையதிலும் பாதியைப் பிய்த்தாள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஓவன் வாங்கினாள். பார்க்காத வீடியோ இல்லை. செய்ததெல்லாம் செங்கல்லாக வந்தது, ஏனென்றால் குத்திய பல்குச்சி சுத்தமாக வருகிறவரை ஓவனைவிட்டு இறக்க அவளுக்கு மனசு வரவில்லை. அரங்கசாமி அந்தச் செங்கல்லைக் காபியில் முக்கிச் சாப்பிட்டார். "ருசி ஒண்ணும் கொறையில்ல அம்மணி. கொஞ்சம் பல்லு பலமா இருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். ஆனால் மனுசன் சும்மா இருக்கவில்லை. பட்டறையிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து ஓவனுக்குள் வைத்துப் பார்த்து, திருகில் போட்டிருக்கும் எண் ஒன்று, உள்ளே ஏறும் சூடு ஒன்று என்று கண்டுபிடித்து, சரியான இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். பொள்ளாச்சியிலிருந்து வருகிற நாட்டுச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஈரம் நின்று பேசுகிறது என்பதை ராமாமணியே கண்டுபிடித்தாள். நடுப்பகுதி இன்னும் லேசாக ஆடும்போதே இறக்கிவிட வேண்டும் என்பதும் ஒருவழியாகப் பிடிபட்டது. பிடிபட்டதே தவிர, ஒவ்வொரு முறை இறக்கும்போதும் வேகாததை இறக்குகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நன்றாக வந்த ஒரு நாள், ஒரு டப்பா நிறையப் போட்டுக்கொண்டு ரைஹான் கடைக்குப் போய் நின்றாள். அன்றைக்குக் கத்தியதற்குப் பரிகாரம். அவன் ஒன்றைத் தின்றான், இன்னொன்றைத் தின்றான், டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, எங்களுக்கு பிரவுனி குடுத்துட்டிருந்தவங்க கல்யாணமாகி சென்னைக்குப் போய்ட்டாங்க. அந்த எடத்துக்கு இன்னொருத்தரும் கேட்டுட்டிருக்காங்க. ஒரு டப்பா அளவுக்கு யார் வேணா நல்லா செஞ்சர்லாமுங்க. கடைக்குன்னா ரெண்டு பெரிய தட்டு, ஒரே மாதிரி வரோணும். புதங்கெழமை நாலு மணிக்கு நானே ஊட்டுக்கு வாரேன். சரியா இருந்துச்சுன்னா உங்க பேர் போட்டு அலமாரியில வெச்சர்றேனுங்க."

உங்க பேர் போட்டு. அந்த வார்த்தைதான். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்ததும் புறங்கையால் அழித்துவிட்டாள்.

புதன்கிழமை விடிந்தது. வீட்டில் ஒரு கல்யாணமே நடக்கிற பரபரப்பு. ராமாமணி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறையில் இறங்கினாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கினாள். முட்டை எல்லாம் உடைத்தாகிவிட்டது. சர்க்கரை, கோகோ, மைதா எல்லாம் அளந்தாகிவிட்டது. இரண்டு தட்டுக்கான மாவு என்பதால் எடுத்தது பெரிய அண்டா. கலக்க ஆரம்பித்ததுமே மணிக்கட்டு பேசத் தொடங்கியது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அரங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் தாய்மொழி தெலுங்கு என்பது பெயருக்குத்தான். பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கணவனும் மனைவியும் தமிழுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

"அடுத்த ஊட்டுப் பொம்பளைங்க கை நோகக் கூடாதுன்னு வருசக் கணக்கா மெஷின் செஞ்சு குடுக்கறேன். என்ற ஊட்டு அம்மணி கையில கிண்டறதா? ராசப்பா! அந்தப் புது டில்டிங் கிரைண்டரைத் தூக்கிட்டு வா!"

ராசப்பன் பட்டறையின் மூத்த ஃபிட்டர். புதுக் கிரைண்டரைத் தூக்கி வந்து சமையலறை நடுவில் வைத்தான். கல்லில் புதுத் தூசி போக அரிசி போட்டு ஓட்டிக் கழுவியாகிவிட்டது, முட்டை பட்டாலும் பரவாயில்லை, இட்லிக் கிரைண்டரை யாரும் தொடப்போவதில்லை என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருந்தார் அரங்கசாமி. ராமாமணி மறுத்தாளா என்றால், இல்லை. அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மைதா விழுந்தபிறகு ரொம்பக் கிண்டக் கூடாது என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். ஆனால் அரைத்தால் ஒரு மாவு கெட்டுப்போகும் என்பது, அந்த வீட்டில் யார் மண்டைக்குள்ளும் நுழைய முடியாத விஷயம்.

கல் உருண்டது. மாவு சுழன்றது, பளபளத்தது, பொங்கியது. "பாருங்க, பாருங்க, எப்படிப் பொங்குதுன்னு!" என்று ராமாமணி குதித்தாள். "இன்னும் கொஞ்சம் ஓடட்டுமுங்க, நல்லா காத்து ஏறட்டும்" என்றான் ராசப்பன். அண்டாவில் அரையடி இருந்தது கிரைண்டரில் விளிம்பு தொட்டு நின்றபோது மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். இரண்டு தட்டிலும் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால், தட்டில் இருந்தது மெல்ல எழுந்து, நடுவில் மேடு கட்டி, பெருமாள் கோயில் கோபுரம்போல நின்றது. அரங்கசாமி கை தட்டினார். குச்சியைக் குத்தினால், துடைத்துவிட்டது போல வந்தது.

ராமாமணி அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சி இவ்வளவு சுத்தமாக வரக் கூடாதே.

ஆறியதும் வெட்டினாள். உள்ளே குட்டிக் குட்டி ஓட்டைகளோடு பஞ்சு. ஒரு துண்டை வாயில் போட்டாள். ரப்பர் மாதிரி இழுத்தது. பிரவுனியில்லை, கறுப்பாகப் பிறந்த பன்.

"உளுந்துக்குத்தானுங்க காத்து ஏறோணும். இதுக்குக் காத்தே ஆகாது" என்றாள். கத்தியைத் தட்டிலேயே போட்டாள். "எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் கூடச் சேர்ந்து குதிச்சுப்போட்டேன்."

அரங்கசாமி தட்டையே பார்த்தார். கை போய்ச் சட்டைப் பையைத் தடவியது. முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கையை எடுத்துக்கொண்டார். "இப்ப என்ன செய்யோணும், அதச் சொல்லு."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அழுவதற்கு நேரமில்லை என்பதே அவளை நிமிர்த்திவிட்டது. சாக்லேட் தீர்ந்துபோயிருந்தது. ராசப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கத்துப் பேக்கரிச் சாமான் கடைக்குப் பறந்தான். கடையில் மிச்சமிருந்தது ஒரு தட்டுக்கு மட்டுமே ஆகும். அதை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுச் சித்திரை வெயிலில் கொண்டுவந்ததில், வீடு வந்து சேர்வதற்குள் பைக்குள்ளேயே பாதி உருகியிருந்தது. "உருக்கற வேல மிச்சமாப் போச்சுங்க்கா" என்றான். அந்த நிலைமையிலும் ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது.

கிரைண்டரை வெளியே தள்ளச் சொன்னாள். கணவரையும் வெளியே தள்ளினாள். "ஹால்ல உக்காருங்க. தம்பி வந்தா டீ குடுத்துப் பேசிட்டிருங்க. இக்கட்ட மட்டும் வந்துராதீங்க."

முட்டையும் சர்க்கரையும் பளபளப்பாகும்வரை கையால் அடித்தாள். சாக்லேட்டை ஊற்றினாள். மைதாவைத் தூவி, இட்லிக் கரண்டியால் அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே, வெள்ளை மறைகிற அளவுக்கு மட்டும் புரட்டினாள். இன்னும் ரெண்டு புரட்டு, இன்னும் ரெண்டு புரட்டு என்று கை கெஞ்சியது. கரண்டியைத் தொட்டிக்குள் வீசிவிட்டு, தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாக்லேட் வாசம் கிளம்பிச் சமையலறையை நிறைத்தது. கடவுளே, வந்துவிட வேண்டும், இந்த ஒருமுறை வந்துவிட வேண்டும்.

வாசலில் பைக் நின்ற சத்தம். ரைஹான் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான்.

அரங்கசாமிக்குக் கை கால் ஓடவில்லை. வந்தவரைச் சும்மா உட்கார வைத்துப் பழக்கமில்லாத வீடு. டீயைக் கொடுத்தார். டீயோடு வைக்க ஏதாவது வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் அந்தக் கறுப்பு பன் இரண்டு தட்டு நிறைய இருந்தது. யோசிக்காமல் நான்கு துண்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்துவிட்டார். வைத்தபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் ரைஹான் கடித்துவிட்டான்.

உள்ளே ராமாமணி ஓவனைத் திறந்து குச்சியைக் குத்தினாள். எடுத்தாள். குச்சியில் ஈரமாக, கறுப்பாக ஒட்டியிருந்தது. நடுப்பகுதி ஆடியது. இன்னும் ஐந்து நிமிசம் வைத்தால் என்ன? பெண் வீட்டார் முன்னால் வேகாத இட்லியை வைத்ததுபோல ஆகிவிட்டால்? கை ஓவன் கதவை மறுபடி சாத்தப் போனது. அப்போதுதான் ஹாலில் ரைஹானின் குரல், மரியாதையாக, மெதுவாக:

"கேக் நல்லா இருக்குதுங்க அங்கிள். அப்ப நான் கெளம்பறேனுங்க. ஆன்ட்டிகிட்ட அப்பறமாப் பேசறேன்னு சொல்லீருங்க."

கேக். நல்லா இருக்குது. கொங்கு நாட்டில் வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது என்பது ராமாமணிக்குத் தெரியாதா?

தட்டை வெளியே உருவி மேடைக் கல்லில் வைத்தாள். சூட்டுத் துணி கையில் இருக்க, புடவையில் மைதா இருக்க, அப்படியே ஹாலுக்கு ஓடினாள். ரைஹான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி! அது பிரவுனி இல்லீங்க. உக்காருங்க!"

"அது நான் அரைச்சதுங்க தம்பி" என்றார் அரங்கசாமி, திருட்டு முழி முழித்துக்கொண்டு. "கிரைண்டர்ல போட்டு அரைச்சுப்போட்டேன். அம்மணி செஞ்சது உள்ள இருக்குது."

ரைஹான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிரவுனியைக் கிரைண்டரில் அரைத்தவர்களை அவன் வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறான். செருப்பைக் கழற்றினான்.

"ஆனா ஒண்ணுங்க தம்பி, அது ஆறோணும். சூட்டோட வெட்டுனா கூழாட்டம் ஓடிரும். சித்த நேரம் இருப்பீங்களா?"

இதற்குத்தான் காத்திருந்ததுபோல அரங்கசாமி எழுந்து ஓடினார். பட்டறையில் பெயின்ட் காய வைக்கிற பெரிய மின்விசிறியை அவரும் ராசப்பனும் உருட்டிக்கொண்டு வந்து தட்டுக்கு நேராக நிறுத்தினார்கள். அது ஓடியபோது காலண்டர் பறந்தது, மைதா பறந்தது, ராமாமணியின் முந்தானை பறந்தது. ரைஹான் இரண்டாவது டீ குடித்தான். ராமாமணி தட்டை நொடிக்கொருதரம் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டினாள். மேலே ஓடு மெல்ல நொறுங்கியது. கத்தி உள்ளே இறங்கியபோது சத்தமே இல்லை.

நடுத்துண்டை ஸ்பூனோடு கொடுத்தாள். ரைஹான் குத்தினான். வாயில் போட்டான். கண்ணை மூடினான். மூடியவன் திறக்கவே இல்லை. அப்புறம் அவன் மெதுவாக ஸ்பூனைத் தூக்கிப் பார்த்தான். அதில் கறுப்பாக, ஈரமாக ஒட்டியிருந்தது.

"ஏனுங்க ஆன்ட்டி" என்றான், முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு. "இது வேகவே இல்லீங்க. கொஞ்சம் உள்ள கொண்டுபோயி வேக வெச்சுக் கொண்டாங்க."

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரைஹான் அதற்குள் ஓரத் துண்டுக்குக் கையை நீட்டியிருந்தான்.

"ஒரு தட்டுதானே செஞ்சிருக்கீங்க? ரெண்டு தட்டும் இதே மாதிரி வருங்களா?"

"ரெண்டு தட்டையும் தனித்தனியா ரெண்டு தடவை செய்யறனுங்க. கையிலயே கிண்டறனுங்க. மெஷினுக்கு வேலை இல்ல."

"வெள்ளிக்கெழமை அனுப்பீருங்க. கேட்டுட்டிருந்த அந்த இன்னொருத்தர்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடறேன்." எழுந்து கை கழுவிக்கொண்டே கேட்டான்: "பேர் எப்படி எழுதட்டுமுங்க? கிரைண்டர்க்காரர் ஊட்டு பிரவுனின்னு போட்டா எல்லாருக்கும் தெரியுமே?"

ராமாமணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு புடவையிலிருந்த மைதாவைத் தட்டினாள். சொந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அரங்கசாமி சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து மேசையில் வைத்தார்.

கிரைண்டரின் அடியில் அடிக்கிற அலுமினியத் தகடு. மாடலின் பெயர் எழுதுகிற காலி இடத்தில், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஊசியால், கோணல் மாணலாக, ஆனால் ஆழமாக வெட்டியிருந்தது: ராமாமணி.

"அடியில சிங்கிள் ஃபேஸ், எரநூத்தி முப்பது வோல்ட்டுன்னு இருக்குதுங்களே அங்கிள்" என்றான் ரைஹான்.

"அது அச்சடிச்சே வருதுங்க தம்பி. சுரண்டிப் பாத்தேன், போகல."

"போக வேண்டாமுங்க. இப்படியே அலமாரியில நிக்கட்டும்."

ராமாமணி தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். எழுத்தின் ஓரம் விரலில் குத்தியது.

"எப்பங்க வெட்டுனீங்க இத? இப்ப, ஃபேன் எடுக்கப் போனப்பவா?"

"காத்தால."

"காத்தாலயா? அப்ப அரைக்கறதுக்கு முன்னாடியே?"

"ஆமா. அது பன்னாப் போனப்பப் பையில கெடந்து குத்தோ குத்துன்னு குத்துச்சு." அரங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ செய்யறது தோத்துப்போகும்னு நான் எதுக்கு நெனைக்கோணும்? நான் அரைச்சதுதான் தோத்துது."

ராமாமணி தகட்டை மேசையில் வைத்தாள். தட்டின் நடுவிலிருந்து, எல்லாவற்றையும்விட அதிகமாக ஒட்டுகிற துண்டாகப் பார்த்து எடுத்து, ரைஹானும் ராசப்பனும் பார்க்கிறார்கள் என்பதைக்கூட யோசிக்காமல், அவர் வாயில் வைத்தாள்.